முழங்காலின் 40 மில்லி விநாடி

2022 அக்டோபர். புரோ கபடி லீகின் ஒன்பதாவது சீசன். 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு தமிழ் தலைவாஸ் ஏலத்தில் எடுத்திருந்த பவன் செராவத், பெங்களூருவில் குஜராத் ஜெயன்ட்ஸுக்கு எதிராக அணியின் முதல் ஆட்டத்தில் இறங்கினார். அந்த லீகில் அதுவரை யாரும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. எதிரணி ரைடரைப் பிடிக்கப் பாய்ந்தவர், முழங்காலைப் பற்றிக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர், அந்த சீசனில் மறுபடி களம் காணவே இல்லை.

இப்படி ஒன்று நடந்தால், ‘கண்ணு பட்டுருச்சு’ என்றோ ‘நேரம் சரியில்லை’ என்றோ சொல்லி ஆற்றிக்கொள்வது நம் வழக்கம். அந்த ஆறுதல் அடுத்த வீரனின் முழங்காலைக் காப்பாற்றாது. எலும்பும் ஜவ்வும் தசையும் எவ்வளவு விசையைத் தாங்கும், எந்தத் திசையில் தாங்கும், என்ன வேகத்தில் வந்தால் தாங்கும், எத்தனை முறை வந்தால் தாங்கும் என்பதையெல்லாம் ஆய்வுக்கூடங்களில் அளந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான விளையாட்டுக் காயங்களுக்கு இந்த நான்கு கேள்விகளுக்குள் விடை இருக்கிறது.

ஊன்றிய கால், திரும்பிய உடல்

தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்கும் மறுக்குமாகக் கட்டி வைத்திருப்பவை இரண்டு ஜவ்வுகள். அவற்றில் முன்பக்கம் இருப்பதைத்தான் டாக்டர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். பருமனில் சுண்டு விரல் அளவுதான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. 1991-ல் சவியோ வூ தலைமையிலான ஆய்வுக் குழு, இறந்தவர்களின் முழங்கால்களை இயந்திரத்தில் பூட்டி அந்த ஜவ்வு அறும்வரை இழுத்துப் பார்த்தது. 22 முதல் 35 வயது வரையிலானவர்களின் ஜவ்வு சராசரியாக 2,160 நியூட்டன் வரை தாங்கியது. ஏறக்குறைய 220 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். 60 வயதைத் தாண்டியவர்களின் ஜவ்வோ சராசரி 658 நியூட்டனிலேயே அறுந்துவிட்டது.

220 கிலோவைத் தாங்குகிற ஒன்று, யாரும் மோதாமலே அறுந்துபோவது எப்படி? ஏ.சி.எல். காயங்களில் பத்துக்கு ஏழு, எதிராளி முழங்காலில் இடிக்காமல் நடப்பவைதான். ஓடி வந்து சட்டென்று திசை மாற்றுவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது, நின்ற காலிலேயே உடம்பைத் திருப்புவது... இவ்வளவு போதும். ஹேண்ட்பால், கூடைப்பந்து வீராங்கனைகளுக்கு ஏற்பட்ட பத்துக் காயங்களின் வீடியோவை நார்வே ஆய்வாளர்கள் பல கோணங்களில் சட்டகம் சட்டகமாக அலசி, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள் கதை முடிந்துவிடுகிறது. முழங்கால் உள்பக்கமாகச் சரிகிறது. அதே நொடியில் கீழ்க்கால் எலும்பு திருகுகிறது. தரையிலிருந்து உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு விசை மேலே ஏறுகிறது. இழுப்பும் திருகலும் ஒன்றுசேர்ந்து ஒரே ஜவ்வில் விழ, ‘டப்’ என்று சத்தம். காயம்பட்ட பலரும் அந்தச் சத்தத்தைத் தங்கள் காதாலேயே கேட்டதாகச் சொல்வார்கள்.

ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, தசைக்கு ஆணை அனுப்ப 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஜவ்வு அறுவதோ 40-ல். ‘பார்த்து ஆடியிருக்கலாமே’ என்று அடிபட்டவனைக் கடிந்துகொள்வதில் அர்த்தமே இல்லை. அந்த 40 மில்லி விநாடிக்குள் அவனால் செய்யக்கூடியது எதுவுமில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் பல வாரங்களுக்கு முன்பே பயிற்சியில் செய்திருக்க வேண்டும்.

கபடியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ரைடரின் பாதத்தை கார்னர் வீரர் ஆங்கிள் ஹோல்டில் கவ்வுகிறார். பாதம் தரையோடு தரையாக நிற்க, ரைடர் உடம்பைத் திருப்பி நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார். அதே வேளையில் பக்கவாட்டிலிருந்து ஒருவர் டேஷ் அடிக்கிறார். திருகல், வளைப்பு, சறுக்கு மூன்றும் ஒரே மூட்டில் இறங்குகின்றன. மண் களத்தில் பாதம் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட் களத்தில் ரப்பர் ஷூ பிடித்த பிடியை விடாது. பாதம் நழுவாவிட்டால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குத்தான் போகும். கிராமத்து மண்ணில் ஆடிப் பழகிய பிள்ளைகளை, நேராக மேட் களத்தில் மாநிலப் போட்டிக்கு இறக்கும் பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு, அதே விளையாட்டை ஆடும் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிவது அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது ஒரு காரணம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 2017-லும், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2023-லும் ஏ.சி.எல். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கபடிக்கும் கால்பந்துக்கும் இப்போது ஏராளமான பெண் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குக் குதிப்பதோடு சேர்த்து இறங்கவும் கற்றுத்தர வேண்டும்.

எலும்பு சொல்லும் சாட்சி

உடம்பின் மீது வரும் விசைகளை ஐந்தாகப் பிரிப்பார்கள்: இழுப்பது, அமுக்குவது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கவைப்பது, வளைப்பது, திருகுவது. எலும்பு அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையைக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும். சறுக்கு விசையில்தான் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். அதனால் எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்பதை வைத்தே, எந்த விசை வந்தது என்று அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் சொல்லிவிடுவார். கால்பந்தில் எதிராளியின் பூட்ஸ் கீழ்க்காலில் குறுக்காக இறங்கினால் எலும்பு வளைகிறது. வளையும் எலும்பின் ஒரு பக்கம் அமுங்க, மறுபக்கம் இழுபடும். இழுவிசையைத் தாங்கும் திறன் குறைவு என்பதால் விரிசல் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கும். சிறுபிள்ளைகளின் எலும்பு இளசு; ஒரு பக்கம் மட்டும் விரிந்து, மறுபக்கம் ஒடியாமல் வளைந்து நிற்கும்.

திருகலின் தடயம் வேறு மாதிரி இருக்கும். ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி ஒடித்துப் பாருங்கள், உடைந்த முகம் சுருள் சுருளாக இருக்கும். கல்லூரி விடுதிகளில் பஞ்சா போடும் பையன்களுக்கு மேற்கை எலும்பு ஒடிவது இப்படித்தான். முன்கையை எதிராளி ஒரு பக்கம் தள்ள, தோள் தசைகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே சுருளாக உடைகிறது. அந்த இடத்தில் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். விளையாட்டாகப் போடுகிற பஞ்சாவில் இவ்வளவு இருக்கிறது.

பந்து வந்து அடிப்பது நேரடி விசை. சுமார் 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதில் 120 ஜூல் ஆற்றல் இருக்கும். பேடும் ஹெல்மெட்டும் அந்த ஆற்றலை அகலமான பரப்பில் பரப்பி, மோதும் நேரத்தையும் கொஞ்சம் நீட்டித்துத் தருகின்றன. அவற்றின் வேலை அவ்வளவுதான். ஆனால், அவை மூடாத இடம் என்று ஒன்று உண்டே! 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபில் ஹியூஸுக்குப் பந்து பட்டது ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தில். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து, இரண்டு நாளில் உயிர் போனது. அந்த மரணத்துக்குப் பிறகு கழுத்துக் காப்புகள் வந்தன. 2023 அக்டோபர் முதல் வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது அவற்றை அணிவதை ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியது. அடி எங்கே, எந்தக் கோணத்தில் விழுகிறது என்று ஆராய்ந்ததால் கிடைத்த பாதுகாப்பு இது. இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம்.

ஒரே பந்து அல்ல, ஆயிரம் பந்து

அடியே படாமல், விழாமல், ஒரு கணமும் தாங்கும் அளவைத் தாண்டாமல் எலும்பு உடைவதும் உண்டு. அதற்கு ஜஸ்பிரீத் பும்ராவின் முதுகைவிடத் தெரிந்த உதாரணம் நமக்கு இல்லை. 2019-ல் கீழ்முதுகில் முதல் விரிசல். 2022 டி20 உலகக் கோப்பையை முதுகால் தவறவிட்டார். 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் அயர்லாந்துக்கு எதிராகத்தான் திரும்ப முடிந்தது. அவருக்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே, 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில், ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கும் இதே கதைதான்.

வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் ஊன்றும்போது, உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. வலக்கை வீச்சாளருக்கு முதுகெலும்பின் இடப்பக்கத்தில், கீழ் முள்ளெலும்புகளின் பின்பகுதியில் இருக்கும் ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தில்தான் இந்தச் சுமை குவிகிறது. ஒரு பந்தை அது தாங்கும். நூறு பந்தையும் தாங்கும். ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைச் சரிசெய்ய உடம்புக்கு நேரம் கிடைக்காதபோதுதான் சிக்கல். பழுதான எலும்பை உடம்பு முதலில் அரித்து எடுக்கும், அதன் பிறகே புது எலும்பை நிரப்பும். இந்த ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அரித்து எடுத்த இடைவெளியில் எலும்பு முன்னைவிட பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் சுமையை ஏற்றினால் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

எக்ஸ்ரேயில் இது முதல் சில வாரங்களுக்குத் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால், விரிசல் விழும் முன்பே எலும்புக்குள் நீர்கோத்திருப்பது தெரியும். ‘எக்ஸ்ரேயில் ஒண்ணுமில்லை’ என்ற ஒரு வரியை நம்பி 16 வயதுப் பையனைத் திரும்பப் பந்துவீச அனுப்புவது, நம் அகாடமிகளில் இன்றும் நடக்கிறது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வளரும் வீச்சாளர்களுக்கு எத்தனை ஓவர் என்று வரம்பே வகுத்துத் தந்தது. 13 வயதுக்கு உட்பட்டவர் ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். அவ்வளவுதான். நம் ஊரில் கோடை விடுமுறை வந்தால், தேர்வு நாட்களில் பந்தையே தொடாத பையன் காலை ஒரு டோர்னமென்ட், மாலை ஒரு டோர்னமென்ட் என்று வீசுகிறான். மொத்த ஓவர் எண்ணிக்கையைப் போலவே, சுமை திடீரென்று எகிறுவதும் எலும்பைத் தாக்கும்.

பெயர் சரியாக இருந்தால்தான் மருந்து சரியாக இருக்கும்

காயங்களை வகைப்படுத்துவது மருத்துவர்களின் காகித வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு நாள் ஓய்வு, கட்டா, கத்தியா, எப்போது களம் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். முதலில், திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா என்று பார்க்கிறார்கள். 2025-ல் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்ட் தொடரை நினைத்துப் பாருங்கள். ஓல்டு டிராஃபோர்டில் கிறிஸ் வோக்ஸ் வீசிய பந்து பாதத்தில் பட்டு ரிஷப் பண்ட்டுக்கு எலும்பு முறிந்தது. நேரடி விசை, திடீர்க் காயம். அடுத்து ஓவல் டெஸ்ட்டில் எல்லைக்கோட்டருகே பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்த அதே வோக்ஸின் தோள் மூட்டு நழுவியது. அடி விழுந்தது ஓரிடம், விசை பயணித்துப் போய் வேலையைக் காட்டியது வேறிடம். இது மறைமுக விசை. இருவரும் அந்தக் காயத்தோடே பேட்டிங் செய்ய வந்தார்கள் என்பதற்காகக் கைதட்டினோம். அதைப் பள்ளி அணிகள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து, எந்தத் திசு? எலும்பையும் எலும்பையும் இணைக்கும் ஜவ்வில் வரும் காயம் வேறு, தசையில் வரும் இழுப்பு வேறு. ஜவ்வுக் காயத்தை மூன்று கிரேடாகப் பிரிப்பார்கள். முதல் கிரேடில் இழைகள் நீண்டிருக்கும், மூட்டு ஆடாது. இரண்டாவதில் பாதி கிழிசல், மூட்டு சற்றே தளரும். மூன்றாவதில் முழுக்க அறுந்திருக்கும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முழுக்க அறுந்த ஜவ்வை இழுத்துப் பார்க்கும்போது, பாதி கிழிந்ததைவிட வலி குறைவாகவே இருக்கலாம். இழுபடுவதற்கு அங்கே இழையே மிச்சமில்லை. ‘வலி குறைஞ்சிருச்சு, ஆடலாம்’ என்று எழுந்து ஓடிய பிள்ளை, அடுத்த திருப்பத்தில் முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸையும் கிழித்துக்கொண்டு வருவதற்கு இதுதான் காரணம்.

தசையில் கிழிசல் எங்கே என்பது முக்கியம். வேகமாக ஓடும்போது தொடையின் பின்தசை கிழிவது, பெரும்பாலும் கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வீசிய காலைத் தசை இழுத்துப் பிடிக்கும் கணத்தில். தசை நீண்டுகொண்டே சுருங்க முயல்கிறது. அதற்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை. 2014-ல் பிரிட்டிஷ் தடகள மருத்துவர்கள் உருவாக்கிய முறையில், அளவுக்கு 0 முதல் 4 வரை எண்ணும், இடத்துக்கு ஏ, பி, சி எழுத்தும் தருகிறார்கள். தசையுறையை ஒட்டிய கிழிசல் ஏ. தசைநாணுக்குள்ளேயே போயிருந்தால் சி. சி வகை ஆற நாளாகும், திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். ‘பின்தொடை பிடிச்சிருக்கு, மூணு வாரம்’ என்று ஒரே அளவுகோலால் அளக்க முடியாதது இதனால்தான். இன்னொரு முறையில், ஆட்டத்தை விட்டு எத்தனை நாள் விலகினார் என்று கணக்கிடுகிறார்கள். கால்பந்து ஆய்வுகளில் 28 நாட்களைத் தாண்டினால் கடுமையான காயம்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. வளரும் வயதில், எலும்பின் நுனியருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு ஜவ்வைவிட பலவீனமானது. பெரியவருக்கு ஜவ்வு அறுக்கும் விசை, பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டையே பிளந்துவிடும். டொரன்டோ மருத்துவர்கள் சால்டரும் ஹாரிஸும் 1963-ல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அதுதான் நடைமுறை. ஐந்தாவது வகையில் தட்டு நசுங்கிவிடும். முதல் எக்ஸ்ரேயில் பெரிதாகத் தெரியாது. பின்னாளில் ஒரு கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும்போதுதான் தெரியவரும்.

எண்ணெய் தேய்க்கும் முன்

நம் மைதானங்களில் கணுக்கால் பிசகினாலும், தொடையில் முட்டி இடித்தாலும், முழங்கால் திருகினாலும் ஒரே வைத்தியம்: சூடாக எண்ணெய், அழுத்தி உருவு, காலைப் பிடித்து ஒரு வெட்டு. எலும்பு ஒடிந்திருந்தால் அந்த வெட்டில் முறிவு விலகும். தொடையில் அடிபட்டு உள்ளுக்குள் ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தி உருவினால், ரத்தக்கட்டு கூடும்; சிலருக்குத் தசைக்குள் எலும்பே முளைத்துவிடும். மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் உருவக் கூடாது. இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி ஆபத்து தீரும்.

பிசகிய கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய, கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் ஓர் எளிய முறையை வகுத்தார்கள். அதை ஒவ்வொரு பி.டி. ஆசிரியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரை விரலால் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, அந்தக் காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே கட்டாயம். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பில் வலித்தாலும் அப்படியே.

தடுப்பதற்கு வழி இருக்கிறது, அதற்குக் காசும் ஆகாது. ஃபிஃபாவின் ‘11+’ என்ற வார்ம்-அப் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம். குதித்து முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்குவது, முழங்காலை உள்பக்கம் சாயவிடாமல் திரும்புவது, ஒற்றைக் காலில் நிலைப்பது என்று, அந்த 40 மில்லி விநாடிக்குத் தசைகளை முன்கூட்டியே பழக்குவதுதான் அதன் சாரம். முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி: முட்டி போட்டு நின்று, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சரிய வேண்டும். தசை நீண்டுகொண்டே வேலை செய்யப் பழகுகிறது. இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

பள்ளிகளில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடிபட்ட பிள்ளையின் வயது, தேதி, எந்தக் கால் அல்லது கை, என்ன செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது, யாராவது மோதினார்களா, களம் மண்ணா மேட்-ஆ, சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கியது, அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு ஆடினான் என்று எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஏ.சி.எல். அறுந்த முழங்கால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வீங்கிவிடும். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் மறுநாள்தான் வீங்கும். அந்த ஒரு வரி தெரிந்தாலே மருத்துவர் சரியான பக்கம் திரும்புவார். வரும் திங்கட்கிழமையே தொடங்குங்கள்.